எடை பார்ப்பது எதற்காக? ரத்தப் புற்றுநோய் வார்டில் ஊட்டக்குறைவை அறிதல்

ரத்தப் புற்றுநோய் வார்டில் எடை மெஷினுக்கு ஓய்வே கிடையாது. நோயாளி வந்து சேர்ந்ததும் உயரமும் எடையும் பார்த்து உடல் பரப்பளவைக் கணக்கிடுகிறார்கள். கீமோ மருந்தின் அளவு அதிலிருந்துதான் வருகிறது. சிகிச்சை தொடங்கிய பிறகு தினமும் காலையில் ஏற்றி நிறுத்துகிறார்கள். ட்ரிப்பில் ஏறிய தண்ணீர் உடம்பில் தங்குகிறதா, சிறுநீராகப் போய்விடுகிறதா என்று தெரிய வேண்டும். ஹாட்ஜ்கின் லிம்போமா நோயாளியிடம் இன்னொரு கேள்வியும் கேட்கிறார்கள்: கடந்த ஆறு மாதத்தில் காரணமில்லாமல் பத்து சதவீதத்துக்கு மேல் எடை குறைந்ததா? 'ஆம்' என்றால் நோயின் படிநிலை எண்ணுக்குப் பக்கத்தில் 'பி' என்ற எழுத்து சேரும். 1971-இல் ஆன் ஆர்பர் நகரில் கூடிய வல்லுநர்கள் வகுத்த முறை அது. காய்ச்சல், இரவில் உடையை நனைக்கும் வியர்வை ஆகியவற்றோடு எடைக்குறைவும் அந்த எழுத்துக்குள் அடங்கும்.

ஆக, மூன்று வேலைகளுக்காக எடை பார்க்கப்படுகிறது. இவர் போதுமான அளவு சாப்பிடுகிறாரா, உடம்பில் சதை கரைகிறதா என்று அறியும் நான்காவது வேலைக்கு அதே எண்ணைப் பயன்படுத்துவதுதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. 'பி' என்று எழுதியதோடு அந்த எடைக்குறைவின் கதை முடிந்துவிடுகிறது. டயட்டீஷியன் காதுக்கு அது போவதில்லை.

ரத்தப் புற்றுநோயாளிகளின் ஊட்டக்குறைவை எப்படிக் கண்டறிவது என்று கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அவற்றைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகப்படுகிறது. புதிதாகக் கருவி வாங்க வேண்டிய தேவை குறைவு. சான்றுகளில் பெரும்பகுதி வேறு காரணங்களுக்காக ஏற்கெனவே கேஸ் ஷீட்டில் ஏறியிருக்கிறது. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படிக்க ஆளில்லை. படிக்கும்போதும் தவறான எண்ணையே முதலில் படிக்கிறோம்.

ஆஸ்பத்திரியே நோயாளியைப் பட்டினி போடுகிறது என்று முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பட்டர்வொர்த். 1974-இல் எழுதிய கட்டுரையில், தான் கண்ட வழக்கங்களை அவர் வரிசையாகச் சொன்னார். உயரமும் எடையும் பதிவாவதில்லை. நாள்கணக்கில் குளுக்கோஸும் உப்பு நீரும் மட்டும் ஏறுகின்றன. பரிசோதனைக்காகச் சாப்பாடு நிறுத்தப்படுகிறது. ஊழியர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் எவரும் தொடர்ந்து கவனிப்பதில்லை. இதில் முதல் குறை ரத்தப் புற்றுநோய் வார்டில் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. மற்றவை அப்படியே இருக்கின்றன. பெட் சிடி ஸ்கேனுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறு. முதுகுத்தண்டு நீரில் மருந்து செலுத்த மயக்கம் கொடுக்கப்படும் குழந்தைக்கு அன்று காலையில் பால்கூட இல்லை. நேரம் தள்ளிப்போனால் மதியமும் போயிற்று. லுகேமியா சிகிச்சையில் இப்படிப்பட்ட நாட்கள் ஒன்றிரண்டல்ல.

உணவுக்குழாயிலோ வயிற்றிலோ கட்டி வந்தவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே ஊட்டக்குறைவை எதிர்பார்த்தே மருத்துவர் வருகிறார். ரத்தப் புற்றுநோயில் அந்த எதிர்பார்ப்பு இருப்பதில்லை. தீவிர லுகேமியா சில வாரங்களில் முற்றிவிடுகிற நோய். நல்ல உடம்போடுதான் பலர் வந்து சேர்கிறார்கள். அவர்களுடைய ஊட்டக்குறைவு வார்டுக்குள் உருவாவது. மருந்து ஏறி ஒரு வாரம், பத்து நாளில் வாய் முழுக்கப் புண். எச்சில் விழுங்குவதே வேதனை. வின்கிரிஸ்டின் குடலை மந்தப்படுத்தி மலச்சிக்கலில் கொண்டுவிடும். தாடையில் வலியும் தரும். அஸ்பாரஜினேஸ் சிலருக்குக் கணையத்தை அழற்சிக்கு உள்ளாக்கும். இவற்றின் மேல் காய்ச்சல், ஆன்டிபயாட்டிக், வாய்க்கசப்பு. சேர்ந்த அன்று ஊட்டக்குறைவு இல்லை என்று டிக் அடித்த படிவம் மூன்றாவது வாரத்தில் எதற்கும் உதவாது. ஆனால் அந்தப் படிவம் பெரும்பாலும் ஒரே ஒருமுறைதான் நிரப்பப்படுகிறது. வாரம் ஒருமுறை மறுபடியும் பார்க்க வேண்டும் என்பது பல வழிகாட்டுதல்களில் இருக்கிறது. அங்கீகாரச் சான்றிதழுக்காக வைத்த ஃபைலில் முதல் நாள் படிவம் இருந்தால் போதும் என்ற மனப்பான்மை அதைவிட வலுவாக இருக்கிறது.

எடை என்ற எண்ணுக்கே இந்த நோய்களில் பல வேஷங்கள் உண்டு. முதல் வேஷம் தண்ணீர். புற்றுச் செல்கள் ஒரேயடியாக உடைந்து சிறுநீரகத்தை அடைத்துவிடாமலிருக்க, சிகிச்சையின் தொடக்கத்தில் நாளொன்றுக்குப் பல லிட்டர் திரவம் ஏற்றுகிறார்கள். அறுபது கிலோ உள்ளவர் நான்கு கிலோ சதையை இழந்து மூன்று லிட்டர் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டால் தராசு 59 என்று காட்டும். ஒரு கிலோ குறைவை எவர் பொருட்படுத்துவார்?

இரண்டாவது, மண்ணீரல். மைலோஃபைப்ரோஸிஸிலும் நாட்பட்ட மைலாய்டு லுகேமியாவிலும் அது தொப்புளைத் தாண்டி வீங்கி, பல கிலோ எடைக்குப் போகக்கூடும். கை கால் குச்சியாக இருக்க, வயிறு மட்டும் புடைத்திருக்கும் அந்த உடம்பில், எடை மெஷின் நோயையும் சேர்த்தே நிறுக்கிறது. போதாதற்கு, வீங்கிய மண்ணீரல் இரைப்பையை நெருக்குவதால் நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும். மூன்றாவது, ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் பசியைக் கிளப்பும், நீரைத் தேக்கும், முகத்தை உருண்டையாக்கும். 'முகம் தெளிஞ்சிருக்கு' என்று பார்க்க வந்தவர்கள் சந்தோஷப்படுவார்கள். அதே மாத்திரைதான் தொடைச் சதையைக் கரைத்துக்கொண்டிருக்கும். தரையில் உட்கார்ந்தவர் கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று கேட்டால் முகம் மறைத்தது வெளிப்பட்டுவிடும்.

நான்காவது வேஷம் மல்டிபிள் மைலோமாவில் வருகிறது. இது எடையில் அல்ல, உயரத்தில். இந்த நோயில் முதுகெலும்புக் கட்டைகள் நொறுங்கி ஆள் குட்டையாகிவிடுகிறார். 72 வயதுக்காரர், 54 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நோய்க்கு முன் 165 சென்டிமீட்டர் உயரம், பி.எம்.ஐ. 19.8. இப்போது நிற்க வைத்து அளந்தால் 158, பி.எம்.ஐ. 21.6 ஆகிவிடுகிறது. ஆசிய முதியவர்களுக்கான எல்லைக்கோடு 20. ஒரே மனிதர், ஒரே எடை. எலும்பு நொறுங்கியதாலேயே அவர் 'நல்ல ஊட்டம் உள்ளவர்' பட்டியலுக்குள் வந்துவிடுகிறார். பழைய உயரத்தைக் கேட்டு எழுதுவது எவ்வளவு எளிது!

கேள்விப் படிவங்களுக்குப் பஞ்சமில்லை. ஆஸ்திரேலியாவில் 1999-இல் உருவான எம்.எஸ்.டி. இரண்டே கேள்விகள் கொண்டது: முயற்சி செய்யாமலே எடை குறைந்ததா, பசி குறைந்து சாப்பாடு குறைந்ததா? இரண்டு மதிப்பெண் வந்தால் ஆபத்து. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எடை குறைந்ததா என்பதற்குத் 'தெரியாது' என்று சொன்னாலே இரண்டு மதிப்பெண். தன் எடையைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்றே நினைவில்லாத மக்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் வார்டில் பாதிப்பேர் ஆபத்துப் பட்டியலில் வருவார்கள். அது தவறென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அனுபவமுள்ள நர்ஸ் வேறு மாதிரிக் கேட்பார்: 'ஜாக்கெட்டைப் பிடிச்சுத் தைச்சீங்களாம்மா?', 'பெல்ட்டில் புதுசா ஓட்டை போட்டீங்களா?', 'மோதிரம் கழண்டு விழுதா?' எண்ணைவிட நம்பகமான பதில் அப்போது வரும்.

ஐரோப்பாவில் பரவலான என்.ஆர்.எஸ். 2002 வேறு வகை. டென்மார்க்கின் ஜென்ஸ் கொண்ட்ரூப்பும் உடன் ஆய்வாளர்களும் 128 ஆய்வுகளை அலசி இதை உருவாக்கினார்கள். சாப்பாடும் எடையும் எவ்வளவு குறைந்தன என்பதற்கு மூன்று வரை, நோயின் கடுமைக்கு மூன்று வரை, எழுபது வயதானால் கூடுதலாக ஒன்று. கூட்டி மூன்று வந்தால் ஊட்டச்சத்துச் சிகிச்சை திட்டமிட வேண்டும். இந்தப் படிவத்தில் ரத்தப் புற்றுநோய்க்கு எடுத்த எடுப்பிலேயே இரண்டு மதிப்பெண், எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு மூன்று. கணக்கைப் பாருங்கள்: மஜ்ஜை மாற்றுக்கு வந்த எல்லோரும் ஆபத்தில் இருப்பவர்கள்தான். எழுபது கடந்த லுகேமியா நோயாளி நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் ஆபத்தில்தான். எல்லோருக்கும் அடிக்கிற மணியை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். பிரிட்டனின் மஸ்ட் படிவமோ பி.எம்.ஐ., எடைக்குறைவு, ஐந்து நாட்களுக்கு மேல் சாப்பிட இயலாத நிலை என்ற மூன்றையும் நம்பியிருக்கிறது. மேலே சொன்ன தண்ணீரும் மண்ணீரலும் அதை எளிதில் ஏமாற்றிவிடும். ஒரே வார்டில் வெவ்வேறு படிவங்களைப் போட்டால் வெவ்வேறு எண்ணிக்கை வருவதில் வியப்பில்லை. எனவே 'ரத்தப் புற்றுநோயாளிகளில் இத்தனை சதவீதம் பேருக்கு ஊட்டக்குறைவு' என்று யாராவது சொன்னால், எந்தப் படிவம், சிகிச்சையின் எத்தனையாவது நாள் என்று முதலில் கேட்க வேண்டும்.

இந்தக் குழப்பத்துக்கு முடிவுகட்டத்தான் பல நாட்டு ஊட்டச்சத்து மருத்துவ அமைப்புகள் கூடி 2019-இல் 'கிளிம்' என்ற பொது வரையறையை வெளியிட்டன. முதலில் ஏதாவது ஒரு படிவத்தால் சலித்தெடுக்க வேண்டும். பிறகு உடலில் தெரியும் அடையாளங்களில் ஒன்றாவது இருக்க வேண்டும்: ஆறு மாதத்துக்குள் ஐந்து சதவீதத்துக்கு மேல் எடைக்குறைவு, குறைந்த பி.எம்.ஐ., குறைந்த தசை. அதோடு காரணங்களில் ஒன்றும் வேண்டும்: சாப்பாடு அல்லது செரிமானக் குறைவு, அல்லது நோயால் வந்த அழற்சி. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருந்தால் ஊட்டக்குறைவு உறுதி. ஆசியர்களுக்குப் பி.எம்.ஐ. எல்லை தனி: எழுபது வயதுக்குள் 18.5, அதற்கு மேல் 20. ஐரோப்பியர்களுக்கு 20-உம் 22-உம்.

ரத்தப் புற்றுநோயில் இந்த வரையறை எப்படி இயங்குகிறது என்று பார்த்தால், காரணப் பக்கம் ஏறக்குறைய எப்போதும் பூர்த்தியாகிவிடுகிறது. நோயே அழற்சி, சிகிச்சையில் காய்ச்சலும் கிருமித் தொற்றும் சேர்கின்றன. அதனால் முழுப் பாரமும் உடல் அடையாளங்களின் மேல் விழுகிறது. அவற்றில் பி.எம்.ஐ.க்கு நம் ஊரில் அதிக மதிப்புக் கொடுப்பது ஆபத்து. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15–49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை கொண்டவர்கள். 155 சென்டிமீட்டர் உயரமும் 72 கிலோ எடையும் உள்ள ஒரு பெண் நான்கு மாதத்தில் 63 கிலோவுக்கு வந்தால் அவருடைய பி.எம்.ஐ. 26, அட்டவணையில் இன்னமும் 'கூடுதல்' கட்டம்தான். ஆனால் அவர் இழந்தது 12.5 சதவீதம். கிளிம் கணக்கில் அது கடுமையான ஊட்டக்குறைவு. பருமனான உடம்பு இளைப்பதைப் பார்த்து யாரும் பதறுவதில்லை. சில சமயம் மருத்துவரே பாராட்டிவிடுகிறார். மஜ்ஜை மாற்றுக்கு முன் கூடுதல் நோய்களைக் கணக்கிட 2005-இல் வந்து உலகெங்கும் பயன்படும் மதிப்பெண் முறையில், பி.எம்.ஐ. 35-க்கு மேல் போனால் ஒரு மதிப்பெண் உண்டு. மெலிவுக்கு ஒன்றுமே இல்லை. குண்டாக இருப்பதை ஆபத்தாகக் கண்ட கண்கள் கரைந்து போவதைக் காணவில்லை.

இனி அல்புமின். கேஸ் ஷீட்டில் தவறாகப் படிக்கப்படும் எண் இதுதான். ரத்தப் பரிசோதனையில் அல்புமின் 2.8 என்று வந்தால் 'புரோட்டீன் குறைவு, தினம் நாலு முட்டை வெள்ளைக்கரு கொடுங்க' என்று சொல்வது நம் ஆஸ்பத்திரிகளில் சடங்காகிவிட்டது. எழுபதுகளில் அமெரிக்க ஆய்வாளர்கள் அல்புமினை ஊட்டத்தின் அளவுகோலாகக் கொண்டார்கள்; அந்தப் பழக்கம் பாடப்புத்தகம் வழியாக இங்கும் வந்து தங்கிவிட்டது. கல்லீரலில் உருவாகும் இந்தப் புரதம் ரத்தத்தில் பாதியாகக் குறையச் சுமார் இருபது நாள் ஆகும். ஆகவே இந்த வாரப் பட்டினி இந்த வார அல்புமினில் தெரியாது. மாறாக, கிருமித் தொற்று வந்தால் ஓரிரு நாளிலேயே இறங்கிவிடும். கல்லீரல் வேறு புரதங்களைத் தயாரிக்கத் திரும்பிவிடுகிறது, ரத்தக்குழாய்களிலிருந்து அல்புமின் கசிந்தும் வெளியேறுகிறது. உணவை மறுத்து எலும்பும் தோலுமாகிப்போன இளம்பெண்களுக்குக்கூட அழற்சி இல்லாத வரை அல்புமின் சரியாகவே இருப்பது மருத்துவர்கள் அறிந்த விஷயம். 2012-இல் அமெரிக்க வல்லுநர்கள் வகுத்த வரையறையிலேயே அதற்கு இடமில்லை. 2021-இல் அமெரிக்க ஊட்டச்சத்து மருத்துவச் சங்கம் தனி அறிக்கை வெளியிட்டு, அல்புமினும் பிரீஅல்புமினும் அழற்சியின் அடையாளங்களே தவிர ஊட்டத்தின் அளவுகோல்கள் அல்ல என்று தீர்த்துச் சொன்னது.

ரத்தப் புற்றுநோயில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுதல். அஸ்பாரஜினேஸ் ஊசியே கல்லீரலின் புரத உற்பத்தியைத் தடுத்து அல்புமினைச் சரிக்கும். அந்த நோயாளி பிரியாணி சாப்பிட்டாலும் எண் ஏறாது. மைலோமாவில் மொத்தப் புரதம் எகிறியிருக்கும். அது புற்றுச் செல்கள் சுரந்த பயனற்ற புரதம். அல்புமின் மட்டும் தாழ்ந்திருக்கும். 2005-இல் வெளியான மைலோமா படிநிலை முறையில் அல்புமின் 3.5 என்பது ஓர் எல்லைக்கோடு. அங்கே அது நோயின் வேகத்தைக் காட்டும் அடையாளமாகப் பயன்படுகிறது. அதே எண்ணை அடுத்த பக்கத்தில் உணவின் குறையாக எழுதினால் எப்படி? அல்புமின் பாட்டிலை ஏற்றி எண்ணைச் சரிசெய்வது அதைவிட மோசம். விலை அதிகம், நோயாளிக்கு அது உணவும் ஆகாது. அல்புமின் தாழ்ந்தவருக்கு ஆபத்து அதிகம் என்பது உண்மை. ஆனால் அந்த எண்ணை வைத்து ஊட்டக்குறைவு உண்டென்றோ இல்லையென்றோ முடிவுகட்ட முடியாது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? கண்ணையும் கையையும் நம்பலாம் என்று 1982-இலேயே கனடாவின் டொரண்டோ மருத்துவர்கள் காட்டினார்கள். நோயாளியிடம் பேசி, உடம்பைத் தொட்டுப் பார்த்து மருத்துவர் சொல்லும் மதிப்பீடு, ஆய்வகக் கணக்குகளுக்குக் குறைந்ததல்ல என்பது அவர்கள் கண்டது. 1987-இல் ஆலன் டெட்ஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும் அதை எஸ்.ஜி.ஏ. என்ற முறையாக வகுத்தார்கள். அதிலிருந்து பிறந்த பி.ஜி. எஸ்.ஜி.ஏ. புற்றுநோயாளிகளுக்கென்றே ஆனது, முதல் பாதியை நோயாளியே நிரப்புவார். வாய்ப்புண், ருசி மாற்றம், வாந்தி, வாசனை பிடிக்காமை என்று கீமோ எடுப்பவர் அன்றாடம் படும் பாடெல்லாம் அதில் இருக்கின்றன. ரத்தப் புற்றுநோய்க்கு இருப்பவற்றில் இதுவே பொருத்தமானது என்பது என் எண்ணம். நேரம் பிடிக்கும் என்பது மட்டுமே குறை. நெற்றிப்பொட்டுக் குழி, காறை எலும்பின் துருத்தல், தோள்பட்டை வளைவு போய்ச் சதுரமாவது, புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே சதை வற்றுவது ஆகியவற்றை ஸ்டீராய்டு வீக்கமும் அவ்வளவு சுலபத்தில் மறைக்காது. கால் வீக்கம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்து எழுதுவதும் இதில் அடங்கும். தராசு சொல்வதில் எவ்வளவு தண்ணீர் என்பதற்கு அது விடை.

தசைக்கு அளவுகோல் வேண்டுமென்றால் கைப்பிடி விசைமானி இருக்கிறது. ஆசிய வல்லுநர் குழு 2019-இல் வகுத்த எல்லை ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோ. கெண்டைக்கால் சுற்றளவுக்கு ஒரு தையல்காரர் டேப் போதும்: ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கவனிக்க வேண்டும் (கால் வீங்கியிருந்தால் இதுவும் பொய் சொல்லும்). லிம்போமா நோயாளிக்கு இன்னும் ஒரு வசதி. மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் எடுத்த ஒரே ஒரு சிடி படத்திலிருந்து உடம்பின் மொத்தத் தசையை மதிப்பிடலாம் என்பது உறுதியான முறை. சிகிச்சைக்கு முன்பும் நடுவிலும் முடிவிலும் பெட் சிடி எடுக்கப்படுகிறது. கட்டி சுருங்கியதா என்று மில்லிமீட்டர் கணக்கில் எழுதுகிறார்கள். அதே படத்தில் தசை சுருங்கியதை யாரும் எழுதுவதில்லை.

குழந்தைகளுக்கு மேற்கைச் சுற்றளவு இதே வேலையைச் செய்கிறது. எடையை மட்டும் பார்த்தால் தப்பிவிடும் குழந்தைகள் பலர், கைச் சுற்றளவைச் சேர்த்துப் பார்க்கும்போது அகப்படுகிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு, மிகப் பழைய கேள்வி ஒன்று மிச்சம்: இன்று எவ்வளவு சாப்பிட்டார்? வியன்னாவிலிருந்து 2006 முதல் நடத்தப்படும் 'நியூட்ரிஷன் டே' என்ற ஒருநாள் கணக்கெடுப்பு, தட்டில் முழுவதும், பாதி, கால், ஒன்றுமில்லை என்று எவ்வளவு காலியானது என்பதைக் கேட்கிறது. குறைவாகச் சாப்பிட்டவர்களிடையே இறப்பு அதிகம் என்பது அதில் தெரியவந்தது. நம் வார்டுகளில் தட்டு நர்ஸின் கண்ணில் படுவதில்லை. சாப்பாடு வீட்டிலிருந்தோ கேன்டீனிலிருந்தோ டிபன் கேரியரில் வருகிறது. ஊட்டுவது அம்மாவோ மனைவியோ. என்ன இறங்கியது, எது திரும்பி வந்தது என்பது அவருக்கு மட்டுமே தெரியும். 'அரை இட்லி, அதையும் எடுத்துட்டார்' என்பது மருத்துவத் தகவல். ரவுண்ட்ஸ் நேரத்தில் உறவினரை வெளியே அனுப்பிவிடுவதால் அது கேஸ் ஷீட்டுக்கு வருவதில்லை. ரவுண்ட்ஸில் கேட்டால் நோயாளி 'சாப்பிட்டேன் டாக்டர்' என்பார். கஞ்சி இரண்டு மடக்கும் சாப்பாடுதான் அவருக்கு.

அந்தக் கேரியரில் என்ன இருக்கிறது என்பதும் விசாரிக்க வேண்டியது. ரத்தத்தில் நோய் என்றதும் ரத்தம் ஊற வேண்டுமென்று மாதுளைச் சாறும் பீட்ரூட்டும் பேரீச்சையுமாகக் கொடுத்து வயிற்றை நிரப்புகிறவர்கள் உண்டு. பருப்புக்கும் முட்டைக்கும் இடமில்லாமல் போகிறது. பிளேட்லெட் குறைந்தால் பப்பாளி இலைச் சாறு, டெங்கு காலத்திலிருந்து வந்த பழக்கம். மறுபக்கம், வெள்ளணுக்கள் குறைந்த காலத்தில் பச்சைக் காய், பழம், தயிர் எதுவும் கூடாதென்று ஆஸ்பத்திரியே தடை போடுகிறது. இந்தத் தடைக்கு ஆதாரம் மிக மெலிந்தது. அமெரிக்காவில் 2008-இல் வெளியான ஆய்வில், தீவிர மைலாய்டு லுகேமியா நோயாளிகளில் சமைத்ததை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் பச்சைப் பழம், காய்கறியும் சாப்பிட்டவர்களுக்கும் கடும் தொற்றில் பெரிய வேறுபாடில்லை. இத்தாலியில் 2023-இல் வந்த ஆய்வும் அதையே உறுதிப்படுத்தியது. கழுவி, தோலுரித்து, சுத்தமாகக் கொடுப்பது வேறு. பசியே இல்லாதவருக்குப் பிடித்த ஓரிரண்டு பண்டத்தையும் பறிப்பது வேறு.

கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஸ்விட்சர்லாந்தில் எட்டு ஆஸ்பத்திரிகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், என்.ஆர்.எஸ். மூன்றும் அதற்கு மேலும் பெற்றவர்களுக்கு ஆளுக்கேற்ற ஊட்டத் திட்டம் கொடுத்தபோது முப்பது நாள் இறப்பு பத்து சதவீதத்திலிருந்து ஏழாகக் குறைந்தது. அதில் புற்றுநோயாளிகளும் இருந்தார்கள், ஆனால் அது ரத்தப் புற்றுநோய்க்கென்று நடத்திய ஆய்வல்ல. ஊட்டக்குறைவு உள்ள ரத்தப் புற்றுநோயாளிகள் சிகிச்சையைத் தாங்குவது கடினம் என்பதற்கு உள்ள சான்று, ஊட்டினால் ஆயுள் கூடும் என்பதற்கு உள்ள சான்றைவிட மிக வலுவானது. இதை மறைக்கத் தேவையில்லை. அதற்காகக் கண்டறியாமல் இருந்துவிடவும் முடியாது. கண்டறியாமல் திடீரென்று ஊட்டுவதிலும் ஆபத்திருக்கிறது. நாள்கணக்கில் ஒன்றும் சாப்பிடாதவருக்கு ஒரேயடியாக உணவேற்றினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் தடுமாறும். இந்த வார்டில் அது எளிதில் கண்ணில் படாது, ஏனென்றால் செல்கள் உடையும்போது பாஸ்பேட் ஏறும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள்.

நடைமுறையில் யார் முதலில் கவனிக்க முடியும் என்று யோசித்தால், விடை எதிர்பாராத மேசையில் இருக்கிறது. அடுத்த சுற்றுக் கீமோவுக்கு வந்தவரை எடை பார்த்து, முந்தைய சுற்றைவிட ஐந்து அல்லது பத்து சதவீதம் மாறியிருந்தால் மருந்தின் அளவை மறுபடி கணக்கிடுவது பல மையங்களில் விதி. கிளிம் வரையறையின் எல்லைகளும் அதே ஐந்து, அதே பத்து. ஊட்டக்குறைவை முதலில் பார்ப்பவர் மருந்தைக் கலக்கும் ஃபார்மசிஸ்ட்தான். அவர் மில்லிகிராமைக் குறைத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடுகிறார். அந்த மறுகணக்கு நடக்கும் ஒவ்வொரு முறையும் டயட்டீஷியனுக்கு ஒரு போன் போக வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்த்தால், புதிய படிவமோ புதிய கருவியோ தேவைப்படாது. கூடவே டிஸ்சார்ஜ் சம்மரியில், ஹீமோகுளோபினுக்கும் பிளேட்லெட்டுக்கும் கீழே, வீட்டுக்குப் போன அன்று காலை எடை எவ்வளவு, கால் வீக்கம் இருந்ததா என்ற இரண்டு குறிப்பும் வேண்டும். அவை இல்லாவிட்டால் அடுத்த சுற்றில் எதோடு ஒப்பிடுவது?